சுத்தமான மணல்

"நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேண்டாம்!"

மழலையர் பள்ளி மேடம் இதைச் சொன்னது பத்தடி தள்ளி நின்று, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"மேடம், என் ஒருத்தி சம்பாத்தியத்துலதான் வீடே ஓடுது..." சொல்லி முடிப்பதற்குள் ஆயாவுக்கு இருமல் வந்தது.

"அதுக்கு? உன் சொறியையும் இருமலையும் பிள்ளைங்களுக்குப் பங்கு போடுவியா? காலைப் பாரு, கண்றாவி!"

ஆயாவின் பாதத்தில், தோலுக்கடியில் சிவப்பாக ஒரு கோடு நெளிந்து நெளிந்து ஓடியது. சொறிந்து சொறிந்து புண்ணாகியிருந்தது. மேடத்தின் வைத்திய சாஸ்திரப்படி, இது குளிக்காதவர்களுக்கு வரும் வியாதி.

மகளைக் கூட்டிப்போக வந்த தோல் டாக்டரம்மா எட்டிப் பார்த்தார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க டாக்டர்! நீங்களே சொல்லுங்க, இவளை வெச்சுக்கலாமா?"

டாக்டரம்மா மூக்கை மூடவில்லை. கீழே உட்கார்ந்து அந்தக் காலைத் தொட்டே பார்த்தார்.

"இது ஒட்டுவாரொட்டி இல்ல மேடம். நாய்க் கழிவுலேர்ந்து வர்ற புழு. மண்ணுல வளர்ந்து, வெறுங்கால்ல துளைச்சு ஏறிடும். அபூர்வமா நுரையீரலையும் படுத்தும். இந்த இருமல் அதனாலயான்னு ரத்தமும் எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்துடணும். மாத்திரையில சரியாயிடும். ஏம்மா, வெறுங்கால்ல எங்க நடந்தீங்க?"

"பிள்ளைங்க விளையாடற மணல்லதாங்க. செருப்புக் கால் பட்டா மணல் அழுக்காயிடும்னு மேடம் உத்தரவு. தினமும் நாய் அசிங்கம் கிடக்கும். பிள்ளைங்க வர்றதுக்குள்ள நான்தான் இறங்கி அள்ளிப் போடுவேன்."

"சுத்திலும் இவ்வளவு உயரச் சுவர். நாய் எப்படி வந்துச்சு?"

ஆயா ஒரு நொடி மேடத்தைப் பார்த்தாள்.

"தெருநாய் ஏதாச்சும் புகுந்திருக்கும்ங்க."

"மேடம், மணலை மொத்தமா மாத்துங்க. அதுவரைக்கும் ஒரு பிள்ளையும் அதுல இறங்கக் கூடாது. ஆனா இவங்களை நிறுத்த ஒரு காரணமும் இல்ல."

"வாஸ்தவம்தான் டாக்டர். ஆனா பெத்தவங்க மூஞ்சியைச் சுளிப்பாங்களே! பள்ளிக்கூடத்துப் பேரு என்னாகிறது? இரக்கம் பார்த்தா நிர்வாகம் நடக்குமா?"

அடடா, என்ன ஒரு நிர்வாகம்! ஆயா பையை எடுத்துக்கொண்டாள்.

"வாசல்ல இருங்கம்மா, நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் டாக்டரம்மா.

ஆயா வெளியே போனதும் மேடம் கதவைச் சாத்தினாள். கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

"டாக்டர், அந்தப் புழு வயித்துல இருந்தா நாய்க்கு வலிக்குமா? எங்க செல்லம் தினமும் விடியக்காலையில அந்த மணல்லதான் போகும். பாவம், வாயில்லா ஜீவன்!"