மொத்த விலையில் ஞாயிறு

ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையின் விலை பதினெட்டாயிரம் ரூபாய். என் ரேட் அதுதான்.

குழந்தை பல் தேய்ப்பது, தோசையைப் பிய்த்து விளையாடுவது, அப்பாவின் மடியிலேயே தூங்கிப்போவது. யாரையும் நிற்கச் சொல்ல மாட்டேன், சிரிக்கச் சொல்ல மாட்டேன். மூலையில் கேமராவோடு ஒரு ஸ்டூல் மாதிரி கிடந்து, நடப்பதை நடக்கிறபடியே படமெடுப்பேன். பெங்களூரில் இதற்கு கிராக்கி உண்டு. நடக்கும்போது பார்க்க நேரமில்லாதவர்கள் அப்புறமாகப் பார்க்கக் காசு கொடுக்கிறார்கள்.

வெங்கடகிருஷ்ணன் போனில் கேட்டது வேறு.

"நாலு ஞாயிறு சேத்து எடுத்தா எவ்ளோ கொறைப்பீங்க, ஜெயராஜ் ப்ரோ?"

எழுபத்திரண்டாயிரத்தை அறுபதுக்கு இறக்கினேன்.

"நாலு நாள் இல்ல ப்ரோ. ஒரே நாள்ல."

ஆஸ்டின் டவுனில் துணிக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் வளர்ந்தவன் நான். ஒரு பீஸைக் கிழித்து நாலாக விற்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையைக் கிழிக்க வந்தவனை அன்றுதான் பார்த்தேன்.

அவன் மகள் சங்கமித்ராவுக்கு ஆறு வயது. அம்மாவிடம் இருக்கிறாள். ஞாயிறுதோறும் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை அப்பாவிடம் என்பது கோர்ட் உத்தரவு. போன மாதம் நாலு ஞாயிறும் அவன் போய் அழைத்துவரவில்லை. இரண்டு வாரம் ஆபீஸில் விடவில்லையாம். மற்ற இரண்டுக்கு அவன் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

புதன்கிழமை வாய்தா. இவர் வருவதே இல்லை என்று அந்தப் பக்கத்து வக்கீல் எழுதிக் கொடுத்துவிட்டார். கோர்ட் அதை ஏற்றுக்கொண்டால், இனி மாதத்துக்கு ஒரு மணி நேரம், அதுவும் கோர்ட் வளாகத்திலேயே.

ஆகவே கோர்ட்டில் காட்ட நாலு உடுப்பு, நாலு தேதி. படத்துக்குள் பதிந்திருக்கும் தேதியை மாற்றுவது எனக்கு ஐந்து நிமிஷ வேலை. குழந்தையிடமே யாராவது கேட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அட்வான்ஸ் வந்து விழுந்துவிட்டது. பேசி முடித்தது மொத்தம் இருபத்திரண்டாயிரம். ஞாயிறு ஒன்றுக்கு ஐந்தாயிரத்து ஐநூறு.

ஈஜிபுராவில் அவன் வீடு, மூன்றாவது மாடி. ஒரு ரூம், ஒரு கிச்சன்.

சுவரில் இருந்த தேதி காலண்டரைக் கழற்றச் சொன்னது நான்தான். முதல் ஞாயிறு தாடியோடு இருங்கள், அடுத்ததற்கு ஷேவ் பண்ணுங்கள் என்று சொன்னதும் நான்தான்.

பத்தேகாலுக்கு நீல கவுன். அவன் சுட்ட தோசையைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் லென்ஸே ஆடியது. பன்னிரண்டுக்குச் சிவப்பு டீ-ஷர்ட், மொட்டை மாடி, பட்டம். இரண்டரைக்குப் பச்சைச் சுடிதார்.

முதல் ஞாயிறு அவன் பின்னிய ஜடை கோணிக்கொண்டு நின்றது. மூன்றாவது ஞாயிறுக்குள் நேராகிவிட்டது. அதை மட்டும் நாங்கள் ஜோடிக்கவில்லை.

ஆனால் உடுப்பு மாற மாற அவளுக்குப் பேச்சு குறைந்தது. பச்சையில் சிரிக்கவே இல்லை. சட்டையைக் கழற்றி மாட்டியே சலித்துவிட்டது போலும் என்று நினைத்தேன்.

"மூணு ஞாயிறு ஆச்சு ப்ரோ," என்றான் அவன், மணியைப் பார்த்துக்கொண்டே. "இன்னும் ஒண்ணுதான். அஞ்சு மணிக்கு நான் இவள கொண்டுபோய் விடணும்."

மஞ்சள் ஃப்ராக்கை எடுக்கத் திரும்பினான். கட்டிலில் அது இல்லை. அவள் தரையில் அதைப் போட்டு, மேலே உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரு கண்ணு. பத்தே நிமிஷம்."

"மாட்டேன்."

"ஐஸ்க்ரீம் வாங்கித் தரேன்."

வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"சரி, சைக்கிள்."

இந்தப் பேரத்தில் அவன் தோற்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கேட்கிறவன் விலையை ஏற்றுகிறான், கொடுக்க வேண்டியவள் விலையே சொல்லவில்லை.

மணி நாலு பத்து. அவன் முழங்காலிட்டு ஃப்ராக்கின் நுனியைப் பிடித்து இழுத்தான். அவள் இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டாள். எங்கோ ஒரு தையல் பிரிகிற சத்தம் கேட்டது.

"உன் கால்ல வேணா விழறேன்டா." அவன் இன்னும் குனிந்தான். "இந்த ஒண்ணு மட்டும் போட்டுக்கோ. இதோட எல்லாம் முடிஞ்சிடும்."

"முடிய வேணாம்."

"ஏன்டா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் இருக்கும்போது சொல்லலாமா என்று யோசித்தாள். பிறகு அவன் காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு, ரூம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எல்லா ஞாயித்துக்கெழமையும் இன்னிக்கே தீந்துட்டா, அடுத்த வாரம் நீ என்னக் கூப்பிட வரமாட்டியேப்பா."

அவன் நுனியை விட்டான்.

விட்ட கை அப்படியே காற்றில் நின்றது. கீழே தெருவில் யாரோ ஆட்டோவை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். புதன்கிழமைக்கு நாலு வேண்டும், நம்மிடம் மூன்றுதான் இருக்கிறது என்று அவனுக்கு நினைவுபடுத்த வேண்டியவன் நான். காசு வாங்கியிருக்கிறேன்.

தான் சொன்னது அவனுக்குப் புரியவில்லை என்று அவள் எண்ணியிருக்க வேண்டும். விரலை மடக்கிக் கணக்குச் சொல்லத் தொடங்கினாள்.

நீலம் ஒண்ணு. சிவப்பு ரெண்டு. பச்சை மூணு.

நான்காவது விரலை மடக்கவில்லை. மறு கையால் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.