கடைசி வரிக்கும் விளக்கம் வந்த பிறகு

ஹோபார்ட் துறைமுகத்தில் படகுகள் வந்துபோகும் நேரத்தைக் கணக்கிடும் கணினி நிரலை எழுதியவன் ரீஸ். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மிச்சமாகும் என்றால், பத்து வரிகளை ஒரே வரியாகப் பின்னிவிடுவான். விளக்கக் குறிப்பு ஒன்றுகூட எழுதமாட்டான். அடுத்த மேசையில் வேலை பார்த்த அவன் மனைவி ஃப்ரெயா அதற்காகவே சண்டை பிடிப்பாள்.

"இத எந்த மனுஷன்டா படிப்பான்?"

"புரியலன்னா என்னக் கேளு. பக்கத்துலதான குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்?"

குளிர்காலத்தில் அவன் இறந்துபோனான். நிரலைத் தெளிவாக மாற்றி எழுதும் வேலை அவளிடம் வந்தது. மறுநாள் காலையில் முதல் வரிக்கு மேலே எளிமையான விளக்கம் ஒன்று இருந்தது. எழுதியவர் ரீஸ், தேதி நேற்று. கணினிக்குள் நுழைய அவனுக்கிருந்த பயனர் கணக்கை அலுவலகம் எப்போதோ மூடியிருந்தது. அடுத்த நாள் இரண்டாவது வரிக்கும் வந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வசந்தத்தில் எல்லா வரிகளும் புரிந்துவிட்டன. அதன்பின் எதுவும் வரவில்லை.

சில வாரங்கள் பொறுத்திருந்த ஃப்ரெயா, ஒரு மாலையில் தான் எழுதிய தெளிவான பத்து வரிகளை ஒரே வரியாகப் பின்னினாள். சக ஊழியன் டூகல் எட்டிப் பார்த்தான்.

"என்ன ஃப்ரெயா, ரீஸ் மாதிரியே எழுதுற? வேகம் கூடுமா?"

"ஒண்ணும் கூடாது."

"அப்புறம் எதுக்கு? காலைல பாத்தா உனக்கே புரியாது."

"புரியக் கூடாது," என்றாள். பக்கத்து மேசையில் காலியாகக் கிடந்த ரீஸின் நாற்காலியைத் தன் திரைக்கு எதிரே இழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.