கள்ளு வாசனை

"பெட்டியைக் கட்டு சந்திரமதி! இனி ஒரு நிமிஷம் நீ இந்த வீட்டுல இருக்கக்கூடாது!"

அண்ணன் தனசேகரன் பஃபலோ ரோடே கேட்கும்படி கத்தினான். பாயில் கிடந்த அவள் புருஷன் மருதப்பன் மட்டும் கண் திறக்கவில்லை. புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

சந்திரமதியும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். ரெண்டு மாசமாகச் சட்டி சட்டியாகச் சோறு தின்றும் துரும்பாக இளைக்கிறான். குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறான். கேட்டால் "ஒண்ணுமில்ல லா" என்கிறான். இன்றைக்கு வாந்தி, தள்ளாட்டம், பேச்சில் குழறல். கிட்டே போனால் வாயில் இனிப்பாக ஒரு நெடி. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கள்ளுக்கடை பக்கத்துத் தெருவில்தானே இருக்கிறது!

சேலைகளை ஆத்திரத்தோடு பெட்டியில் திணித்தாள்.

நாளைக்கு யாரும் குறை சொல்லக்கூடாதென்று, மதுவிலக்குச் சங்கத் தலைவர் வைரக்கண்ணுவையே சங்கத்து ஆட்களோடு அண்ணன் அழைத்து வந்திருந்தான். ஃபேரர் பார்க் திடலில் அவர் மைக்கைப் பிடித்தால் குடிகாரர்கள் தலைதெறிக்க ஓடுவார்கள். வெற்றிலைகூடப் போடாத வாய்!

தலைவர் குனிந்து மருதப்பனின் வாயருகே முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். அவர் முகம் வெளுத்தது.

"இது கள்ளு இல்ல. டாக்சி பிடி, ஆஸ்பத்திரிக்குப் போவணும்!"

"என்ன தலைவரே, இந்தக் குடிகாரனுக்கா?"

"சர்க்கரை வியாதிடா. தின்ன சோறு ஒட்டாம, உடம்பு தன் கொழுப்பையே எரிக்குது. அதான் இந்தப் பழ வாசனை. எங்கண்ணனை இப்படித்தான் பறிகொடுத்தோம்."

சந்திரமதி பெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "நெசமாவா ஐயா?" யாரை நம்புவதென்று தெரியாமல் அண்ணனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தனசேகரன் வாசலை மறித்தான். "கள்ளும்தான் இனிப்பா மணக்கும்! இவனைக் கொண்டுபோனா ஆஸ்பத்திரியே சிரிக்கும். ஆயுசுல அதைத் தொடாதவர் நீங்க. உங்களுக்கு என்ன தெரியும்?"

மருதப்பனின் மூச்சு இழுத்தது.

வாசலுக்கு வெளியே சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். தலைவர் அவர்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு மருதப்பனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"தெனம் குடிக்கிறவன் சொல்றேன்டா, இது கள்ளு இல்ல. வழியை விடு!"