முப்பத்தாறு வாசகிகள்

நூலகம் திறக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ஜனவரிக் குளிரில் கைவிரல் மடங்க மறுக்கிற வேளை. அப்படியும் பூட்டிய கதவுக்கு முன்னால் முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் ஆளுக்கொரு விண்ணப்பப் படிவத்தோடு வரிசையில் நின்றார்கள்.

சாவியோடு வந்த நூலகர் யோகேஸ்வரனுக்குத் தலைகால் புரியவில்லை. சும்மா சொல்லக் கூடாது, நூலக அட்டையைப் புதுப்பிக்கக் காலங்காத்தால ஆட்கள் வரிசை கட்டி நின்றதாக வேறு எந்த ஊரிலாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

அதுவும் இன்றைக்குப் பார்த்து. பத்து மணிக்கு மேலிடத்திலிருந்து பிரியந்தி என்ற அதிகாரி வருகிறார். வாசகர்கள் போதாது என்று அவர் எழுதிவிட்டால் போச்சு. இந்தப் புதுக் கட்டடம் வேறொரு அலுவலகத்துக்குப் போய்விடும், புத்தகங்கள் மூட்டை கட்டி நானுஓயாப் பக்கம் ஏதாவதொரு களஞ்சியத்துக்குப் போகும். ஒன்றரை வருசமாக அவன் தூசு தட்டி, கிழிசல் ஒட்டி அடுக்கிய புத்தகங்கள் அவை.

வரிசையில் முதல் ஆள் மீனம்மா. பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில் லீக்ஸும் கரட்டும் விற்பவள். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பதை விட்டு ஆறு வருசமாகிறது. காலையில் ராகலை பஸ்ஸில் வந்து இறங்கினால் பொழுது சாய்ந்துதான் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்புவாள். பின்னால் நின்றவர்களும் அவளைப் போல நடைபாதையில் கூடை விரிப்பவர்கள்தான்.

"முந்தாநாளோட கார்டு முடிஞ்சிருச்சாமே சேர். கொஞ்சம் வெரசா போட்டுக் குடுங்க," என்றாள்.

அட்டை இல்லாமல் இவன் உள்ளே விடமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். போன வருசம் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களெல்லாம் குளிருக்கு ஒதுங்கி, மேசையில் தலைவைத்துக் குறட்டை விட்டார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு, 'அங்கத்தவருக்கு மட்டும்' என்று ஒரு பலகை எழுதி மாட்டினான். மாட்டிய மறு வாரமே மீனம்மா வந்து அட்டை கேட்டாள். அவளைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து இன்னொருத்தி என்று முப்பத்தாறு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

அட்டை வேண்டுமென்றால் டவுனில் வரி கட்டும் ஒருவர் பிணையாகக் கையெழுத்திட வேண்டும். லயத்து ஆட்களுக்கு அங்கேதான் இடிக்கும். ஆனால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மஃறூப் நானா, கூடப்பிறந்த தம்பிக்கே பிணை நிற்காத மனுசன், முப்பத்தாறு படிவத்திலும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"இவங்க ஒங்கட லைப்ரரிக்கு வாறது எனக்குத்தான் பெரிய நிம்மதி தம்பி," என்று ஒருநாள் அவனிடம் சொல்லவும் செய்தார். படிப்பின் அருமை தெரிந்த மனுசன் என்று யோகேஸ்வரன் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான்.

முத்திரை குத்திக் குத்திக் கை வலித்தது. அட்டை கைக்கு வந்ததும் ஒவ்வொருத்தியும் வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டு, பின்பக்கத்துப் பெண்கள் பகுதிக்கு விறுவிறுவென்று போனாள். வாசகிகள் இருக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது மரியாதையில்லை என்று இவன் கதிரையை விட்டு எழும்புவதே இல்லை.

பத்து மணிக்கு பிரியந்தி வந்தார். முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தினார். ஒரே பெண் ஒரே நாளில் மூன்று தடவை, நாலு தடவை வந்திருக்கிறாளே, ஆனால் ஒரு புத்தகம்கூட வீட்டுக்குக் கொண்டுபோகவில்லையே என்று சிங்களத்தில் கேட்டார்.

யோகேஸ்வரன் விட்டுக்கொடுப்பானா? கூடையை விட்டுவிட்டு அதிக நேரம் இருக்க முடியாத ஏழைகள், அதனால் ஐந்தைந்து நிமிடமாக வந்து வாசிக்கிறார்கள் என்றான். எட்டுப் பேர் படுக்கிற லயத்துக் காம்பராவில் புத்தகத்தை எங்கே விரிப்பது என்று கேட்டான். மழையும் குளிரும் கூடின நாட்களில் வருகை இரண்டு மடங்காவதையும் பதிவேட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். சொல்லச் சொல்ல அவனுக்கே கண் கலங்கிவிட்டது.

பிரியந்தியின் மனசும் இளகிவிட்டது. இத்தனை வருச வேலையில் இப்படி வாசகர்களைப் பார்த்ததில்லை என்றார். நூலகம் இங்கேயே இருக்கட்டும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வைத்தார். யோகேஸ்வரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதோடு அவர் புறப்பட்டிருக்கலாம். அன்றைய இரண்டாவது வருகையை முடித்துக்கொண்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி மீனம்மா வெளியே வந்தாள். பிரியந்தி அவளை நிறுத்தி, தனக்குத் தெரிந்த தமிழில் பேசினார். இந்த வருசம் இந்த நூலகத்துக்கு ஏதாவது செய்து தர நினைப்பதாகவும், வாசகிகளுக்கு என்ன வேண்டுமோ கூச்சப்படாமல் கேட்கலாம் என்றும் சொன்னார்.

கதைப் புத்தகம் கேட்பாளா, சமையல் புத்தகம் கேட்பாளா? யோகேஸ்வரன் பேனாவைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டான்.

மீனம்மா அவனை ஒரு தடவை பார்த்துவிட்டு, அதிகாரியின் பக்கம் நகர்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னொரு கக்கூஸ் கட்டிக் குடுங்க மிஸ். முப்பத்தாறு பேருக்கு ஒண்ணு பத்தல."