தூக்கத்தில் ஆடும் சதுரங்கம்

"அணைச்சுப் போடாதீங்க அம்மிணி! அது தூக்கத்துல ரோசிச்சுட்டு இருக்குதுங்க!"

செல்வப்பிரியாவின் விரல் மவுஸின் மேலேயே நின்றது.

பால் சொசைட்டி அறையில் அப்போது மூன்று பேர்தான். கணினிக்கு நேர் எதிரே செல்வப்பிரியா. கஞ்சிக்கோட்டிலிருந்து கணினியைச் சரிசெய்ய வந்தவள். பாலில் கொழுப்பு பார்க்கும் கருவிக்குப் பக்கத்து ஸ்டூலில் செயலாளர் சந்துரு. வாசலோரத் தீவன மூட்டைமேல், குரல் கொடுத்த காளிச்சாமி. காலைப் பால் ஊற்றிய காலிக் கேன் அவர் மடியில்.

திரைக்குள் இன்னொரு திரை இருந்தது. பச்சை மேடும் நீல வானமுமாக ஒரு பழைய விண்டோஸ். சொசைட்டியின் பால் கணக்கு அந்தப் பழைய உலகத்தில்தான் ஓடும். அதைத் தாங்கி நிற்கும், கணினிக்குள்ளேயே ஒரு குட்டிக் கணினியை ஓட்டும் வர்ச்சுவல் மெஷின் மென்பொருளுக்கு வயதாகிவிட்டது. இன்று புதிது ஏற்ற வேண்டும். மேட்டின்மேல் மிதப்பதுபோல, லேசாக மங்கி, பாதி ஆட்டத்தில் ஒரு சதுரங்கப் பலகை.

"கணக்கு முடிஞ்சா அணைக்க மாட்டனுங்க. அப்படியே நிறுத்தி வெச்சிருவேன். மறுக்கா தொறந்தா விட்ட எடத்துல நிக்கும்," என்றான் சந்துரு.

"தூங்க வெச்சிருவான்னு சொல்லு," என்று திருத்தினார் காளிச்சாமி. "காலையில நானொரு காய நகத்தீட்டுப் போவேன். அது பகலெல்லாம் தூக்கத்துல ரோசிச்சு, அடுத்த நாள் பதில் காய் வெச்சிருக்கும். வருசக்கணக்கா ஆடறோம். எனக்கு மேலுக்கு முடியாத வாரத்துல, வேணும்னே மந்திரிய வெட்டுக் குடுத்துச்சு அம்மிணி!"

செல்வப்பிரியா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "முழுசா அணைச்சாத்தான் புதுசு ஏறுமுங்க. கணக்கு பத்திரமா இருக்கும். ஆனா இந்த ஆட்டம் போயிருமுங்க. பழைய விளையாட்டு, சேமிச்சு வெக்க வழியில்ல."

காளிச்சாமியின் முகம் சுருங்கியது. "கணக்குப் போனாக்கூட மறுக்கா எழுதிக்கலாம். இந்த ஆட்டம் போச்சுன்னா எனக்குப் பேச்சுத்துணை ஆரு?"

கேனைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

செல்வப்பிரியா அந்தக் குட்டிக் கணினியை எழுப்பி, விளையாட்டின் அமைப்பைத் திறந்தாள். 'இரண்டு பேர் ஆட்டம்' என்றிருந்தது.

"அண்ணா, நிறுத்தி வெச்ச மெஷினுக்கு ரோசனையும் கெடையாது, கனவும் கெடையாது. எதிர்ல ஆடறது யாரு?"

சந்துரு குரலைத் தாழ்த்தினான். "அவரு தம்பி ஆறுச்சாமிங்க. வாய்க்கால் தண்ணித் தகராறுல ரெண்டு பேருக்கும் பேச்சில்ல. மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு அண்ணன் காலைப் பால், தம்பி சாயங்காலப் பால். ரெண்டு பேரும் மிசின்கூட ஆடறதாத்தான் நெனச்சுட்டு இருக்காங்க."

"தெரிஞ்சா?"

"இந்தக் கம்ப்யூட்டர் கெணத்துல கெடக்குமுங்க!"

காளிச்சாமி திரும்பி வந்தார். சன்னலுக்கு வெளியே கணவாய்க் காற்றில் பனைகள் அரைத் தூக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தன.

"வருத்தப்படாதீங்க," என்றாள் செல்வப்பிரியா. "புதுசுல வேற கம்ப்யூட்டர் ஆட்டம் போட்டுத் தர்றனுங்க. இதவிடக் கெட்டி. தோக்கவே தோக்காது."

"தோக்கத் தெரியாததுகூட என்னத்த ஆடறது?"

அவள் நாற்காலியை நகர்த்தி அவருக்கு வழிவிட்டாள்.

காளிச்சாமி திரையருகே வந்து நின்றார். அன்று காலை தான் நகர்த்திய குதிரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்தப் பலகைய இப்படியே ஒரு காயிதத்துல அச்செடு சந்துரு."

அச்சு இயந்திரம் கறகறத்து, பலகையை வரிவரியாக வெளியே விட்டது.

"இனி அணைச்சுக்குங்க அம்மிணி."

பச்சை மேடு, நீல வானம், குதிரைகள், ராஜாக்கள் எல்லாம் ஓர் இமைப்பில் கறுத்தன. புதிய மென்பொருள் மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியது.

காளிச்சாமி தாளை நான்காக மடித்தார். மேசைமேல் கிடந்த உறைக்குள் போட்டு, நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேய்த்தார். சந்துருவின் கையில் கொடுத்தார்.

"சாயங்காலம் சின்னவன் பாலூத்த வாரப்ப இதக் குடுத்துரு. மிசின் குடுத்துச்சுன்னே சொல்லு. இத்தன வருசமா எதிர்ல ஆடுனது நான்னு தெரிஞ்சா, கோவத்துல ஆட்டத்த உட்டுப்போட்டுப் போயிருவான்."