பெயர் கேட்க மாட்டோம்

அரசாங்கம் புதுசாக ஒரு உத்தரவு போட்டால் போதும், பல்கலைக்கழக உதவி மையத்துக்கு மூச்சு முட்டிவிடும். மையம் என்றால் அவள் ஒருத்திதான். இந்த முறை ஆராய்ச்சி நிதியில் கைவைத்திருந்தார்கள். வேலை போன ஆராய்ச்சியாளர்கள் கம்ப்யூட்டர் திரையில் ஒருவர் மாற்றி ஒருவர் எழுதிப் புலம்பினார்கள். யாரிடமும் பேர் கேட்கக் கூடாது என்பது விதி.

ஆரம்பத்தில் அவர்களோடு சேர்ந்து அழுதவள்தான். இப்போது மனசு மரத்துவிட்டது. ஆறுதல் வாக்கியங்களை எழுதித் தயாராக வைத்திருந்தாள். பட்டனைத் தட்டினால் போய்விடும்.

டிபன் பாக்ஸைத் திறந்தாள். உள்ளே இரண்டு ஸ்பூன். ஒன்றை ஓரமாக வைத்தாள்.

அடுத்த ஆள் எழுதினார்: "எங்க லேபை மூடிட்டாங்க. ஒரு வாரமா வேலைக்குக் கிளம்பற மாதிரி கிளம்பி, பார்க்குல உக்காந்துட்டு வர்றேன்."

"இது உங்க தப்பு இல்லீங்க." பட்டனைத் தட்டினாள். "வீட்ல சொல்லிட்டீங்களா?"

"எங்க சொல்றது? எதைச் சொன்னாலும் 'ம்'முன்னு சொல்லிட்டுத் தூங்கிடறா."

"மறைக்காதீங்க. இன்னைக்கே சொல்லிடுங்க." இன்னொரு பட்டன். அப்படியே ஒரு வாய் சாப்பிட்டாள்.

திரையில் பதில் வந்தது.

"இப்பதான் சொல்லி முடிச்சேன். இன்னைக்கும் என் டிபன் பாக்ஸ்ல ஸ்பூன் வைக்க மறந்துட்டே."

ஓரமாகக் கிடந்த ஸ்பூனைப் பார்த்தாள். அதற்குள் விரல் அது பாட்டுக்கு அடுத்த பட்டனைத் தட்டியிருந்தது.

"தொடர்பு கொண்டதற்கு நன்றி. அடுத்தவர் வரலாம்."