நாற்பத்தோராவது ஒட்டு

"ஒரே ஒரு ஒட்டு, மெர்ல். ஒண்ணே ஒண்ணைப் பிடுங்கி விட்டுடுங்களேன்."

ஊர்ப் பள்ளிக்கூட நிர்வாகத்துக்கே தலைவியான ஜனெல் மேடம், கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மெர்லிடம் இப்படிக் கெஞ்சினார்.

மெர்ல் இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடக் கூரையில் நாற்பத்தொரு தார் ஒட்டுப் போட்டிருக்கிறான். ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்கியதில்லை. நெப்ராஸ்கா மாநிலத்து மேகமெல்லாம் மெர்லின் கூரையைக் கண்டால் கும்பிட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்ப் பெய்யும் என்று பேச்சு.

"கையை வெட்டித் தரச் சொல்லுங்க மேடம், தரேன். ஒட்டைப் பிடுங்கச் சொல்லாதீங்க."

"உங்க ஒட்டுதான் நம்மளைக் கவுத்துக்கிட்டு இருக்கு! அதுக்கு அடியில உத்திரமெல்லாம் இத்துப் போச்சுன்னு இன்ஜினியரே எழுதிக் கொடுத்துட்டாரு. புதுக் கூரைக்குக் கடன் வாங்கலாமான்னு ரெண்டு தடவை ஊர்ல ஓட்டு எடுத்தோம். 'ஒழுகாத கூரைக்கு எதுக்குய்யா எங்க நிலவரியை ஏத்தறீங்க'ன்னு ரெண்டு தடவையும் தோக்கடிச்சாங்க. செவ்வாய்க்கிழமை மூணாவது ஓட்டு. இதுவும் போச்சுன்னா பள்ளிக்கூடத்தை மூடிட்டு, நம்ம பிள்ளைங்களை டன்வெல்லுக்கு பஸ் ஏத்தணும்."

டன்வெல்! ஃபுட்பாலில் தோற்றால் காற்றின் மேல் பழி போடுகிற ஊர். ஆனாலும் மெர்ல் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டான்.

"முடியாது மேடம்."

சனிக்கிழமை மத்தியானம் வேலிப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. ஆர்வில் க்ரூட்டர். எழுபத்தாறு வயது, ஆயிரம் ஏக்கர் மக்காச்சோளம், ஒரு மக்கர் முட்டி. முப்பது வருஷமாகப் பள்ளிக்கூடம் எது கேட்டாலும் 'வேண்டாம்' என்று முதலில் போர்டு நடுகிறவர் அவர்தான். அவர் நட்டால் ஊரில் பாதி நடும்.

"ஏம்ப்பா மெர்ல், கூரை போச்சு போச்சுங்கறாங்களே, எங்கப்பா ஒழுகுது? ஒரு சொட்டுக் காட்டு பார்ப்போம்!"

மெர்லுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் ஒட்டுல ஒழுகுமா? ட்ராக்டர் கட்டி இழுத்தாலும் வராது, அண்ணே!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அப்படியா?" என்று மட்டும் கேட்டார் ஆர்வில். அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

மெர்ல் உள்ளே போனான். அன்று சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் ஊருக்கே விருந்து. பள்ளிக்கூடத்தின் நிலைமையை நேரில் பாருங்கள் என்று மேடம் எல்லாரையும் கூப்பிட்டிருந்தார். அவன் மேஜை போட்டு, நாற்காலி போட்டு முடிக்கிற வரைக்கும், ஒன்றரை மணி நேரம், வெளியே டொக்கு டொக்கென்று சத்தம் ஓயவில்லை. ஒரு போர்டு நட இத்தனை நேரமா, கிழவருக்கு என்ன வெறி, என்று பல்லைக் கடித்தான்.

ஆறு மணிக்கு ஊரே வந்தது. கிண்ணத்தில் கறியும் பீன்ஸும் போட்ட காரமான சில்லிக் குழம்பு, பக்கத்தில் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரோல். அந்த ஊரில் ஒன்றில்லாமல் மற்றதைத் தின்றால் பெண் கொடுக்க மாட்டார்கள்.

ஆர்விலும் வந்தார். கல்யாணத்தில்கூடத் தொப்பியைக் கழற்றாத மனுஷன், அன்று வழுக்கை பளபளக்க வெறுந்தலையோடு. ஜன்னலோரம் இடம் போட்டுக் கொடுத்தார்கள். வேண்டாம் என்றார். அதில் ஆச்சரியமில்லை. மூன்றாவது மேஜையில் உட்கார்ந்திருந்த ஒருவரை எழுப்பிவிட்டு, அங்கே உட்கார்ந்தார்.

மழை பிடித்தது.

டொப்.

முதல் சொட்டு வழுக்கையின் நட்டநடுவில் விழுந்தது. இரண்டாவது சில்லியில். அப்புறம் எண்ண முடியவில்லை. மேலே இருந்த சீலிங் அட்டை பொத்தென்று விழ, அருவி மாதிரி கொட்டியது. ஆர்விலின் ரோல் படகாகிப் பக்கத்து மேஜைக்குப் பயணம் போயிற்று.

ஆர்வில் எழுந்தார். காதிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"இது பள்ளிக்கூடமா, குளியலறையா? முப்பது வருஷம் 'வேண்டாம்'னேன். இப்ப என் மண்டையிலேயே கொட்டுது! என்னடா பார்த்துக்கிட்டு நிக்கறீங்க? போய் போர்டையெல்லாம் பிடுங்குங்கடா!"

அவர் ஆட்கள் வாயில் ரோலோடு ஓடினார்கள்.

ஜனெல் மேடம் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து மெர்லைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"நான் இல்ல மேடம்!"

"ஆமாமா, நீங்க இல்ல!"

மூன்று நாளாக ஊரே அவன் முதுகைத் தட்டியது. "கெட்டிக்காரன்டா நீ! நல்ல இடமாப் பார்த்துத்தான் பிடுங்கியிருக்கே!" பெற்ற தாய்மேல் சத்தியம் பண்ணினான். கேட்டுவிட்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் புதுக் கூரை ஜெயித்தது. பேண்டு வாத்தியம் முழங்கியது. தீயணைப்பு வண்டி ஊதிக்கொண்டே ஊரை மூன்று சுற்றுச் சுற்றியது. மெர்ல் மட்டும் இழவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வருஷப் பேர் போயிற்றே!

மறுநாள் காலை கூரை ஏறிப் பார்த்தான். சாப்பாட்டுக் கூடத்துக்கு நேர் மேலே, நாற்பத்தோராவது ஒட்டு இருந்த இடம் மொட்டை. தானாக உரிந்த மாதிரி இல்லை.

இறங்கினால், ஏணியடியில் ஆர்வில் நொண்டிக்கொண்டு நின்றார். ஐந்து விரலிலும் பிளாஸ்திரி.

"நீ பிடுங்கலைன்னு எனக்குத் தெரியும்ப்பா."

"நீங்க ஒருத்தராவது நம்பறீங்களே அண்ணே! எந்தப் பாவி செஞ்சான்னு மட்டும் தெரிஞ்சா..."

"நம்ம பிள்ளைங்க டன்வெல்லுக்குப் போறதைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா? ஆனா முப்பது வருஷம் 'வேண்டாம்'னு கத்தினவன் திடீர்னு 'வேணும்'னா, எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னுதான் சொல்லுவாங்க. மழையே சொன்னா நம்பித்தானே ஆகணும்?"

மெர்ல் அந்தப் பிளாஸ்திரி விரல்களைப் பார்த்தான். ஆர்வில் கோட்டுக்குள்ளிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்து அவன் கையில் திணித்தார்.

"இதைப் பிடுங்க ஒன்றரை மணி நேரம் ஆச்சுடா, இந்த முட்டியோட! புதுக் கூரையில ஒட்டுப் போட வேண்டி வந்தா, கொஞ்சம் லேசா ஒட்டு தம்பி!"